உறுப்பினர் பக்கத்தில் ஏழாவது பெயர்

2019 செப்டம்பர் 17, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு, சிறந்த ஆய்வுக்கூட இணையதளத்தைத் தேர்ந்தெடுக்கும் போட்டியின் நடுவர்கள் மூவரும் தலைநகர் அக்ராவில் இறுதி அமர்வுக்குக் கூடினோம். தலைமை நடுவர் நான், அரபா எசுமான். முப்பத்தொரு ஆண்டுகள் அறிவியல் இதழொன்றின் பதிப்பாசிரியராக இருந்தவள். மற்ற இருவர், இணையதள வடிவமைப்பாளர் செலோர்ம், குமாசியைச் சேர்ந்த தாவரவியல் பேராசிரியர் பாஃபோ.

அதுவரை முன்னணியில் நின்றது குமாசிக்கு அருகிலுள்ள ஒரு கொசு ஆய்வுக்கூடத்தின் தளம். அதற்கு இலவசமாக இடமளித்த சேவை டிசம்பரில் மூடப்படவிருந்தது. முதற்பரிசு பெறும் தளத்துக்கு, போட்டியை நடத்தும் எங்கள் மன்றத்தின் கணினியில் நிரந்தர இடம் உண்டு. அது கிடைக்காவிட்டால், எந்தக் கொசுமருந்து எந்த ஊரில் பலிக்கவில்லை என்ற பதினோராண்டுப் பதிவுகள் இணையத்திலிருந்து மறைந்துவிடும்.

தளத்தில் தரப்பட்ட தொலைபேசி எண்களை அழைத்துச் சோதிப்பது எங்கள் வழக்கம். உறுப்பினர் பக்கத்தில் ஏழாவது பெயர் டார்க்வா, கொசு வளர்ப்புப் பொறுப்பாளர். திங்களன்று நான் அழைத்தபோது ஒரு பெண் எடுத்து, "அவரு ஊருக்குப் போயிருக்காரு மேடம்" என்றாள். செலோர்ம் அழைத்தபோது எடுத்த ஆணும் அதையே சொன்னான். எப்போது திரும்புவார் என்று கேட்டதும் இருவருமே இணைப்பைத் துண்டித்தனர்.

"சொல்லிக் குடுத்து வெச்சிருக்காங்க மேடம்," என்றார் செலோர்ம், வறுத்த வாழைக்காய்த் துண்டுகளைக் கொறித்தபடி. "இப்படி ஒரு ஆளே கிடையாது. போட்டோவை எங்கயோ சுட்டுட்டு வந்து ஒட்டியிருக்காங்க."

"முதலில் வாயைத் துடையுங்கள். பிறகு குற்றம் சாட்டலாம்," என்றேன். ஆயினும் என் ஐயமும் அதுவே. இல்லாத ஆளைக் காட்டும் தளத்தைப் போட்டியிலிருந்து நீக்க வேண்டும். விவரம் பழையதாக இருந்தால் அந்தப் பக்கத்தின் பத்து மதிப்பெண்களைக் கொடுக்கக் கூடாது. விதி இவ்வளவுதான்.

ஆய்வுக்கூடத்தின் தலைவி டாக்டர் அகுவா செர்வாவை அழைத்து ஒலிபெருக்கியில் போட்டேன்.

"டார்க்வா எங்கே?"

"ஊருக்குப் போயிருக்காரு ஆன்ட்டி."

"மூன்றாம் முறையாகக் கேட்கிறோம், இதே பதில். அப்படியொருவர் இருக்கிறாரா, இல்லையா?"

"அதை மட்டும் கேக்காதீங்க ஆன்ட்டி. எங்க தளம் போனாலும் போகட்டும், என்னால அந்தப் பேரை எடுக்க முடியாது."

"பாத்தீங்களா, மாட்டிக்கிச்சு!" என்றார் செலோர்ம்.

பாஃபோ கையமர்த்திவிட்டுத் தொலைபேசியின் பக்கம் குனிந்தார். "அகுவா, நான் பாஃபோ பேசறேன்மா. டார்க்வாவுக்கு எந்த ஊர்லயாவது ஆசனம் உண்டா?"

"உண்டு ஐயா," என்றார் அகுவா.

"போதும்மா. இனி வாயைத் திறக்காத."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஓர் ஊரின் தலைமை ஆசனத்தில் அமர்ந்தவர் இறந்துவிட்டால், அரண்மனை அறிவிக்கும்வரை எவரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. ஊருக்குப் போயிருக்கிறார் என்பதே சொல். இந்த உள்நாட்டு வழக்கம் கடற்கரைக்காரியான எனக்கும் தெரியும். கொசுக்களுக்குத் தீனி வைப்பவர் ஒரு தலைவராகவும் இருக்கக்கூடும் என்பதுதான் எனக்குத் தோன்றவில்லை.

"அப்போ பேரை எடுத்தா அதுவே அறிவிச்ச மாதிரி ஆயிடுமா?" என்றார் செலோர்ம். "சரி சார், வழக்கம் வழக்கமா இருக்கட்டும். ஆனா அவரு பேர்ல வேற ஆள் கையெழுத்துப் போட்டிருந்தா?"

கேள்வி நியாயமானது. ஆசனத்துக்குரிய மௌனம் ஆய்வுப் பதிவுகளுக்குப் பொருந்தாது. தளத்தில் கொசு அறையின் தினசரி வெப்பநிலைப் பதிவைத் திறந்தோம். ஆகஸ்ட் 4 வரை டார்க்வாவின் கையொப்பம் இருந்தது. ஆகஸ்ட் 5 முதலும் அளவுகள் நாள் தவறாமல் இருந்தன; பொறுப்பாளரின் கையொப்பக் கட்டம் மட்டும் ஒவ்வொரு நாளும் வெறுமையாக இருந்தது. எவரும் அவருக்காகக் கையெழுத்திடவில்லை.

பிற்பகல் ஒன்றரை மணிக்கு முடிவெடுத்தோம். உறுப்பினர் பக்கத்துக்குப் பூஜ்யம் அளிக்கப்பட்டது. அதைக் கழித்தும் அத்தளம் 82 மதிப்பெண் பெற்றது. அடுத்த தளம் பெற்றது 80. முதற்பரிசு கொசு ஆய்வுக்கூடத்துக்கே என இருவர் வாக்களித்தோம். செலோர்ம் உடன்படவில்லை என்பதும் பதிவு செய்யப்பட்டது. பூஜ்யத்துக்கான காரணத்தை நடவடிக்கைக் குறிப்பில் எழுதுவதில்லை என்பதை மூவரும் ஏற்றோம். தளத்தை மன்றத்தின் கணினிக்கு மாற்றும் வேலையை நவம்பர் 30-க்குள் முடிக்கவும், அரண்மனை அறிவிக்கும்வரை ஏழாவது பெயரை அப்படியே விடவும் உத்தரவிட்டேன்.