வெஸ்லி கொடுத்த கத்தி

வெஸ்லி பரிசாகக் கொடுத்த கத்தியை லேலண்ட் நம்பவில்லை. வெஸ்லியையும்தான்.

அலகு முழுக்க நீரலை போல வரிகள். இரண்டு வகை எஃகை அடுக்கி, உலையில் காய்ச்சி, தன் கையால் அடித்ததாக வெஸ்லி சொல்லியிருந்தான். ஜூனில் அவனுக்கும் லேலண்டின் மகள் மாரிட்டுக்கும் கல்யாணம். கத்தியிலேயே பொய் சொல்கிறவன் நாளைக்கு அவளிடம் என்னவெல்லாம் சொல்ல மாட்டான்?

வரிகளை மேலாக அச்சடித்து விற்கும் போலிகளை லேலண்ட் சந்தையில் பார்த்திருந்தார். நேற்று கார் கொட்டகையில், யாரும் இல்லாதபோது, உப்புத்தாளை எடுத்து அலகைத் தேய்த்தார். கால் மணி நேரத்தில் வரிகள் காணாமல் போயின. கத்தி கரண்டி மாதிரி பளபளத்தது.

"வீட்டுக்குப் போனதும் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று இன்று காலை, மூவரும் வேட்டைக்குக் கிளம்பும்போது, மாரிட்டிடம் சொல்லி வைத்தார். கல்யாணம் வேண்டாம் என்பதுதான் அந்த ஒன்று.

மலைச்சரிவில் மாரிட் எல்க் மானைச் சுட்டு வீழ்த்தினாள். தோலுரிக்க லேலண்ட் வேண்டுமென்றே அந்தக் கத்தியை எடுத்தார். பாதித் தோலில் மழுங்கும், அவளும் பார்க்கட்டும்.

வெஸ்லியின் கண் அலகில் நின்றது. "ரொம்பப் பளபளன்னு இருக்கே, சார்."

"துடைச்சேன்."

"அப்பாவா? தன்னோட கல்யாணத்துக்குப் போட்ட ஷூவையே இன்னும் துடைக்கல" என்றாள் மாரிட்.

கத்தி மழுங்கவில்லை. தொடை தாண்டி, முதுகு தாண்டி, வெண்ணெயில் போவது போல் போனது. லேலண்டுக்கு எரிச்சலாக இருந்தது. கழுத்துக்கு வந்ததும் அலகைப் பனியில் துடைத்தார். கை அப்படியே நின்றது.

சாம்பல் நிறத்தில், மங்கலாக, அதே அலைகள்.

"ரத்தம் பட்டா ஒரு எஃகு கறுக்கும், இன்னொண்ணு கறுக்காது" என்றான் வெஸ்லி, தோலைப் பிடித்தபடியே. "மேல தேய்ச்சா போகும். உள்ள இருக்கிறதால திரும்ப வந்துடும்."

லேலண்ட் அலகைத் திருப்பி மறுபக்கத்தையும் பார்த்தார்.

"எத்தனாம் நம்பர் தாள், சார்?"

"நானூறு."

"குறுக்க தேய்ச்சிருக்கீங்க. கீறல் தெரியுது. நீளவாட்டுல தேய்க்கணும்."

"என்ன தாள்?" என்றாள் மாரிட்.

லேலண்ட் வெஸ்லியைப் பார்த்தார். அவன் நினைத்தால் இப்போதே சொல்லிவிடலாம்.

"கத்தி பராமரிப்பு" என்றான் வெஸ்லி. "அந்தக் காலைத் தூக்கிப் பிடி."

அவள் தூக்கிப் பிடித்தாள். "அப்பா, என்னமோ சொல்லணும்னீங்களே?"

லேலண்ட் கத்தியை மறுபடி தோலுக்கடியில் செலுத்தினார்.

"ஜூன்ல மழை வரும். பந்தல் போடச் சொல்லு."