அரை இஞ்சு இறக்கம்

நான் தையல்காரி. ஆனா யார் உடம்பு மேலயும் டேப் வைக்க மாட்டேன். "பழைய துணி ஒண்ணு கொண்டாங்க, அதுல அளவு பார்த்துக்கறேன்"னு சொல்லிடுவேன். மகாராணிக்குக் கை வலிக்குதாம்னு வர்றவங்க கிண்டல் பண்ணுவாங்க. பண்ணிட்டுப் போகட்டும்.

என் மாமாவும் தையல்காரன்தான், அம்மாவோட தம்பி. எனக்கு ஒன்பது வயசுல, அளவு எடுக்கறேன்னுதான் ஆரம்பிச்சான். "கண்ணை மூடிக்கோ, சீக்கிரம் முடிஞ்சிடும்"பான். ரெண்டு வருஷம் முடியல. அம்மாகிட்ட சொன்னேன். கன்னத்துல ஒண்ணு விட்டு, "தம்பி மானம் போயிடும், வாயை மூடு"ன்னா. இப்ப முப்பது வருஷம் ஆச்சு. தூக்க மாத்திரையை மாத்திப் பார்த்தேன், புருஷனையும் மாத்திப் பார்த்தேன். இன்னிக்கும் யாராவது பின்னால வந்து நின்னா, சுவத்துல முதுகை ஒட்டிக்கிட்டுதான் பேசுவேன்.

மகளுக்கு எட்டு வயசு. பள்ளிக்கூடம் விட்டா அம்மா வீட்லதான் இருப்பா. ஒரே நிபந்தனை, மாமா அந்த வாசப்படி மிதிக்கக் கூடாது. அம்மா என் தலையில கை வெச்சு சத்தியம் பண்ணியிருந்தா. நம்பினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்.

நேத்து கூட்டிட்டு வரப் போனா, மகள் புது கவுன்ல நிக்கறா. "கடையில வாங்கினது"ன்னா அம்மா.

என் மகளுக்கு இடது தோள் அரை இஞ்சு இறக்கம். கடைத்துணி எதுவும் அவளுக்கு ஒழுங்கா உக்காராது, நான்தான் பிரிச்சுத் தைப்பேன். இது கச்சிதமா உக்காந்திருந்தது. தையலைத் தடவிப் பார்த்தேன். இடது பக்கம் அரை இஞ்சு இறக்கியே வெட்டியிருந்தது.

"யாரு அளவு எடுத்தா?"

அம்மா ஈரக் கையைத் துண்டுல துடைச்சா. "வயசான மனுஷன்டி. ஆசையா தைச்சுக் கொடுத்தான். நான் அடுப்படியிலதானே இருந்தேன்?"

"அப்பவும் நீ அடுப்படியிலதான் இருந்தே."

கவுனைக் கழட்ட மகள் முன்னாடி முட்டி போட்டேன். கையைத் தூக்கும்மான்னேன். தூக்கினா. கண்ணையும் இறுக்கி மூடிக்கிட்டா.

"சீக்கிரம் முடிஞ்சிடுமாம்மா?"ன்னு கேட்டா.

சீருடையை மாட்டிவிட்டேன். கவுனைப் போலீஸ்ல காட்டறதுக்காகப் பையில வெச்சேன். மகளைத் தூக்கி இடுப்புல வெச்சுக்கிட்டேன். அம்மா வாசல்ல வந்து மறிச்சா.

"தம்பி மானம் போயிடும்"னா.

முப்பது வருஷத்துல ஒரு எழுத்து மாறல. அவ கையைத் தட்டிவிட்டுட்டு இறங்கினேன். தெருமுனை வந்தாச்சு, மகள் இன்னும் கண்ணைத் திறக்கல.