பத்துச் சொட்டுக்கு மேல்

பெயிண்டரின் மூக்கு வேலைநிறுத்தம் செய்து ஆறு வருடம் ஆகிறது. பார்வைக்கு என்னவோ நன்றாகத்தான் இருக்கிறது. கண்ணாடியைத் தாங்குகிறது, சளி பிடித்தால் ஒழுகுகிறது. வாசனைதான் தெரியாது. இருபத்தெட்டு வருடம் தின்னரையும் வார்னிஷையும் முகர்ந்த மூக்கு, ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் கடையைச் சாத்திவிட்டது.

இது அவரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது, பெண்டாட்டிக்குக்கூட. அவள் அடுப்படியிலிருந்து "வாசனை வருதாங்க?" என்று கேட்கும்போதெல்லாம், "தெருமுனை வரைக்கும் தூக்குது" என்று கூசாமல் அடித்துவிடுவார். முதல் தடவை அவள் மனம் நோகக் கூடாதே என்று சொன்னது. பிறகு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

அந்தப் பெண்டாட்டிதான் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறாள். மூச்சுக்குழாய் புண்ணாகி, ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்து, இரண்டு மாதமாகத் தங்கை வீட்டில் தேறிக்கொண்டிருந்தாள். பெயிண்ட், பினாயில், ப்ளீச்சிங் பவுடர் எதன் நெடியும் வீட்டில் ஆகாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். தங்கைக்காரி அதற்கு மேல் கறார்.

"கூட்டிட்டு வர்றேன் மாமா. அக்காவுக்கு இருமல் வரலைன்னா விட்டுட்டுப் போறேன். வந்துச்சுன்னா திரும்பக் கூட்டிட்டுப் போயிடுவேன். எங்கிட்டயே இருக்கட்டும்."

பெயிண்டர் சனிக்கிழமை வேலைக்குப் போகவில்லை. பின்னறையில் அடுக்கியிருந்த பெயிண்ட் டின்களையெல்லாம் ஏற்கெனவே மேஸ்திரியின் கொட்டகைக்குக் கடத்தியாயிற்று. பினாயிலைத் தூக்கி எறிந்தார். தைலக் கடைக்குப் போய் எலுமிச்சைத் தைலம் ஒரு புட்டி, லாவெண்டர் தைலம் ஒரு புட்டி வாங்கினார். கடைக்காரம்மா பக்குவம் சொல்லிக் கொடுத்தாள்.

"வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணி ஒரு பங்கு. ஒரு ஸ்ப்ரே பாட்டிலுக்குப் பத்தே சொட்டு விடுங்க. அடிக்கறதுக்கு முன்னாடி நல்லாக் குலுக்கணும். லேசா மணக்கணும், அவ்வளவுதான்."

வந்ததே வினை. லேசா மணக்கிறதா என்று யாரைக் கேட்பது?

பத்துச் சொட்டு எண்ணி விட்டார். ஜன்னலில் அடித்துத் துடைத்தார். மூக்கைக் கண்ணாடியில் ஒட்டி இழுத்துப் பார்த்தார். ம்ஹூம். மனிதருக்குத் தன் மூக்கு உதவாதென்று நன்றாகத் தெரியும். ஆனால் வினிகரின் புளித்த வாடையோ பின்னறையின் பழைய நெடியோ இன்னும் மிச்சமிருந்தால்? சுவரில் நிறம் எடுக்கவில்லை என்றால் இன்னொரு கோட்டிங் அடிப்பதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம். அதையே இங்கேயும் செய்தார். இன்னொரு பத்து. அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டு, தின்னர் ஊற்றுகிற மாதிரி கண் மதிப்பில் சாய்த்தார். தரை, கதவு, அலமாரி என்று ஓர் இடம் விடவில்லை. அவளுடைய தலையணை உறையில் தனியாக நான்கு சொட்டு விட்டார், ஆசைதான். சாயங்காலம் இரண்டு புட்டியும் காலி.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கார் வந்து நின்றது. இளைத்துப்போயிருந்தாள். அவரைப் பார்த்ததும் சிரித்தாள். வாசற்படியில் ஒரு காலை வைத்தவள் அப்படியே நின்றாள். ஒரு இருமல். பிறகு விடாமல் நாலைந்து. தங்கை அவளை இழுத்துக்கொண்டு காருக்கு ஓடினாள்.

"என்ன மாமா இது, வீடா தைல ஃபேக்டரியா? கண்ணு எரியுது!"

"லேசாத்தாம்மா போட்டேன்..."

"இதுவா லேசு?"

கார்க்கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்து, மூச்சு மருந்தை இழுத்துக்கொண்டிருந்த மனைவி, இருமல் அடங்கியதும் அவரையே பார்த்தாள்.

"என்னங்க, இந்த நெடி உங்களுக்குத் தெரியலையா?"

பொய் ஒன்று நாக்கின் நுனியில் தயாராகத்தான் இருந்தது. ஆறு வருடப் பழக்கம் சும்மாவா? ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவரால் முடியவில்லை.

"தெரியாது. ஆறு வருஷமா எனக்கு எந்த வாசனையும் தெரியாது."

"அப்ப என் சமையல்..."

"சும்மா சொன்னேன்." கேட்டைப் பிடித்துக்கொண்டார். "அது மட்டுமில்ல. பின் ரூம்ல ஒரு தின்னர் டின் மூடி சரியா மூடாம இருந்திருக்கு. காலி பண்றப்பதான் பார்த்தேன், பாதி ஆவியாயிடுச்சு. ஏதோ நெடி அடிக்குதுன்னு நீ எத்தனை தடவை கேட்ட. ஒண்ணுமில்லையேன்னு நான் சொன்னேன். நீ உன் மூக்கை நம்பல, என்னை நம்பின. உன்னைப் படுக்க வச்சது நான்தான்."

தங்கை காரைக் கிளப்பினாள். "காலை உள்ள எடுக்கா, போகலாம்." போய்விடுவாள், இனி வரமாட்டாள் என்றுதான் அவர் நினைத்தார். தடுக்க அவருக்கு முகமில்லை.

"இந்த ரெண்டு மாசம் யாரு சமைச்சா?" என்று மனைவி கேட்டாள்.

"நான்தான்."

"கேஸ் அடுப்புலயா?"

"ஆமா. ஏன்?"

"கேஸ் கசிஞ்சா எப்படித் தெரியும் உங்களுக்கு?"

அவர் இதை யோசித்ததே இல்லை. "பாத்துப்பேன்..."

"எதை வச்சுப் பாப்பீங்க?" அவள் குரல் உடைந்தது. "ஒரு நாள் வீட்டோட வெடிச்சுப் போயிருந்தா? எனக்கு ஃபோன்லதானே சொல்லியிருப்பாங்க!" முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தங்கையிடம் திரும்பினாள். "அடியே, வண்டியை நிறுத்து. என் பையை இறக்கு."

"உனக்கு இருமுதுக்கா!"

"இப்ப உள்ள போகல. வெளியவே உக்காந்திருக்கேன். அவர் கழுவட்டும், வெறும் தண்ணி ஊத்தி."

கேட்டோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். தங்கை முணுமுணுத்தபடி திரைச்சீலைகளை அவிழ்த்தாள். பெயிண்டர் வீட்டைத் தண்ணீரில் குளிப்பாட்டினார். ஒவ்வொரு அறை முடிந்ததும் துடைத்த துணியைக் கொண்டுவந்து எட்ட நின்று நீட்டுவார். "இன்னும் இருக்கு" என்பாள். திரும்பப் போவார். கோபம் தணிந்ததாக அவள் காட்டிக்கொள்ளவில்லை, அவரும் கேட்கவில்லை. ஐந்தாவது தடவை அவள் துணியைக் கையில் வாங்கியே முகர்ந்தாள். ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டு, அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள்.

"உங்க மேலதான் அடிக்குது. போய்ச் சோப்பு போட்டுக் குளிங்க."

தலையில் நுரையோடு இருந்தபோது அவளுடைய காலடிச் சத்தம் கேட்டது. அவர் சட்டென்று குழாயை மூடினார். காலடி கூடத்தைக் கடந்தது, அடுப்படிக்குள் போனது. கேஸ் குமிழ்களை ஒவ்வொன்றாகத் திருகிப் பார்க்கும் சத்தம் வந்தது. இருமல் வரவில்லை. பெயிண்டர் குளியலறைத் தரையில் உட்கார்ந்து அழுதார்.