ஜெஸ்பின் திருடித் தின்னவில்லை

எடையைப் பார்த்துவிட்டு சார் சொன்னார்: "இந்தப் பொண்ணு வெளியில வாங்கித் தின்னிருக்கா. ஆய்விலிருந்து எடுத்துரு."

தலையாட்டினேன். எங்கள் வீட்டில் முதல் டிகிரி என்னுடையது. படித்தவர்கள் முன்னால் தலை தானாக ஆடிவிடும்.

தக்கலைப் பக்கத்துக் கல்லூரி ஆய்வகம். ஒல்லிப் பிள்ளைகளாகச் சேர்த்தோம். முதலில் தொப்புள் பக்கம் ஊசி போட்டுக் கொஞ்சம் கொழுப்பு எடுத்தோம், அதில் எந்த ஜீன் மும்முரமாக இருக்கிறது, எது சும்மா கிடக்கிறது என்று பார்க்க. பிறகு இரண்டு மாதம், தினசரிச் சாப்பாட்டைக் குறைக்காமல், நாங்கள் தரும் பால்ஷேக்கும் முந்திரிக்கொத்துப் பலகாரமும் கூடுதலாகத் தின்ன வேண்டும். ஒரே அளவு தின்றாலும் ஒருத்தர் மட்டும் ஏன் ஊதுகிறார்? இதுதான் கேள்வி.

ஜெஸ்பின் ஊதினாள். கடற்கரைப் பையன் அபினேஷ் வந்த எடையிலேயே இருந்தான். அவனுக்கு, "நல்ல உடம்புடே!" அவளுக்குக் கள்ளிப் பட்டம்.

ஜெஸ்பின் ஹாஸ்டலில் என் அறைக்காரி. அவள் வாயில் என்ன போனது என்று எனக்குத் தெரியாதா?

அபினேஷைப் பிடித்தேன். "ஏலே, வீட்டுல வழக்கம்போலத்தானே தின்ன?"

முழித்தான். "ஈஸ்டர் வரைக்கும் தவக்காலம்லா அக்கா. தினமும் ஒருசந்தி. ஒருநேரம்தான் சாப்பாடு. நீங்க தந்தத அந்த நேரத்துக்கு வெச்சுக்கிட்டேன்."

"ஏம்லே சொல்லல்ல?"

"அண்ணன் குவைத்துல இருக்கான், அவனுக்கு நேர்ச்சை. வெளிய சொன்னா பலிக்காதுல்லா."

தவக்காலத்தில் விருந்து வைத்த அறிவாளிகள் நாங்கள்.

சாரிடம் சொன்னேன். சிரித்தார். "பாவம், பக்தி."

"தின்னாதவனுக்கு பக்தி. நாம சொன்னதத் தின்னவ மட்டும் கள்ளியா சார்? சட்டுன்னு ஊதுறதுக்குக் காரணம் கொழுப்புல இருக்கான்னு பாக்கத்தான ஊசி போட்டோம்?"

திரையைத் திருப்பினேன். நாங்கள் ஒரு துண்டு முந்திரிக்கொத்து கொடுக்கும் முன்னாலேயே, கொழுப்பைச் சேர்த்து வைக்கும் ஜீன்கள் அவளுக்கு மற்றவர்களைவிட மும்முரமாக இருந்தன. ஒருத்தியை வைத்து எதுவும் நிரூபணமாகாது. அவள் பொய் சொன்னாள் என்றும் ஆகாது.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, அவ இருக்கட்டும். பையன எடுத்துரு." மன்னிப்பு என்று ஒரு சொல் வரவில்லை. எனக்குக் கோபம்கூட வரவில்லை.

ஹாஸ்டலில் ஜெஸ்பின் சாப்பிடப் போகாமல் கட்டிலில் இருந்தாள்.

"ஏட்டி, சார் ஒத்துக்கிட்டாரு. நீ ஒண்ணும் திருடித் தின்னல்ல."

"உள்ளதா?" என்றாள். "எனக்கே சந்தேகம் வந்துட்டுட்டி. காலையில பேக்கத் தட்டிக் கொட்டிப் பாத்தேன், பிஸ்கட் கவர் கெடக்கான்னு."

சோறு எடுத்து வரவா என்று கேட்டேன்.

வேண்டாம் என்றாள்.