பதில் சொன்னவள் பெயர்

இந்திராணியின் பயணத்தைத் தடுக்க ஒரே ஒரு பொய் போதும் என்று கோமளாவுக்குத் தோன்றியது.

எல்லாம் ஒரு போட்டோவால் வந்தது. இரண்டு மாதத்துக்கு முன் தேவதர்ஷினி என்ற பொன்னேரிப் பெண் ஏரிக்குள் இருக்கும் இவர்கள் ஊருக்கு வந்தாள். பட்டணத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆராய்ச்சி செய்பவள். பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைத் தடவி, கையாலேயே இறால் பிடிப்பதை மூன்று நாள் பார்த்தாள், போட்டோ எடுத்தாள். அவள் கேட்ட அத்தனைக்கும் பதில் சொன்னவள் கோமளா. அவள் ஓரகத்தி இந்திராணி பக்கத்தில் நின்று சிரித்ததோடு சரி.

அழைப்பு வந்தது இந்திராணிக்கு.

அந்தப் பல்கலைக்கழகத்தில் புதன்தோறும் சாப்பாட்டு இடைவேளையில் பெண்கள் பிரச்சினை பற்றி யாராவது பேசுவார்களாம். இந்த வாரப் பேச்சாளர் இந்திராணி என்று வாட்ஸ்அப்பில் நோட்டீஸ் வந்தது. அதில் அந்தப் போட்டோ: இறால் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்தபடி இந்திராணி. ஓரத்தில் ஒரு முழங்கை. அது கோமளாவுடையது.

செவ்வாய்க்கிழமை மத்தியானமே கோமளா ஊர்த் தலைவர் திருவேங்கடத்தின் வாசலில் நின்றாள்.

"பாடு முறையைப் பத்திப் பேசப்போறாளாம்ணா. நாலு பேருக்குத் தெரியட்டும்னு சொல்லினுகீறா."

பச்சைப் பொய். பாடு என்பது ஏரியில் வலை போடும் முறை. கல்யாணமான ஆண்களின் பெயரை எழுதிக் குலுக்கி, யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்று பிரிப்பார்கள். பெண்களுக்குப் பங்கில்லை. புருஷன் செத்தால் அவன் முறையும் போய்விடும். இதை வெளியாரிடம் பேசினால், பேசியவர் வீட்டுக்கு ஒரு மாதம் பாடு கிடையாது. ஊர்க் கட்டுப்பாடு.

தலைவர் தடுத்துவிடுவார் என்று கோமளா கணக்குப் போட்டிருந்தாள். அவர் மீசையைத் தடவினார்.

"பேர் போட்டு நோட்டீஸ் வந்துட்ச்சு. இப்ப தடுத்தா நம்மதான் தப்பாத் தெரிவோம். நீயும் கூடப் போ. அவ இன்னா பேசுனான்னு எனக்குச் சொல்லு."

ஆக, புதன் காலை இருவரும் கிளம்பினார்கள். படகு, பஸ், பொன்னேரியில் ரயில். கல்யாணப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு வந்த இந்திராணி, கிளம்பியதிலிருந்தே கோமளாவின் கையைப் பிடித்திருந்தாள். மீஞ்சூர் தாண்டியதும் கோமளா கையை உருவிக்கொண்டாள்.

நாற்பது பெண்கள். மடியில் டிபன் பாக்ஸ், அறை முழுக்க எலுமிச்சைச் சாத வாசனை. இந்திராணி தடுமாறித்தான் ஆரம்பித்தாள். விரலைக் கிழிக்கும் சிப்பி பற்றிச் சொன்னாள். மாதவிலக்கு நாளிலும் தண்ணீரில் இறங்குவது பற்றிச் சொன்னாள். பிறகு, "எங்க வெரல்ல நகம் வளந்து நாங்க பாத்ததே இல்ல" என்றாள்.

ஸ்பூன்கள் நின்றன. கைதட்டல்.

கோமளாவுக்குக் காது சுட்டது. அது அவள் வாக்கியம். தேவதர்ஷினியிடம் அவள் சொன்னது, எழுத்துப் பிசகாமல்.

நரைத்த தலைப் பேராசிரியை ஒருவர் கேட்டார். ஏரியில் பெண்களுக்கு முறை உண்டா?

இந்திராணி கோமளாவைப் பார்த்தாள். கட்டுப்பாடு அவளுக்கும் தெரியும். "அதெல்லாம் ஆம்பளைங்க பாத்துக்குவாங்கம்மா" என்று சிரித்தாள். அதையும் நாலைந்து பேர் நோட்டில் எழுதினார்கள். அவள் எதைச் சொன்னாலும் எழுதினார்கள்.

கோமளா எழுந்துவிட்டாள்.

"அவளுக்கு இன்னா தெரியும்? என்னைக் கேளுங்க."

குலுக்கல், இடம், நாள், எல்லாம் சொன்னாள். புருஷன் போன பதினாறாம் நாளே முறையை இழந்து, இரண்டு பிள்ளைகளோடு சேற்றைத் தடவும் காந்தாவைப் பற்றிச் சொன்னாள். பதினைந்து நிமிடம். தேவதர்ஷினியின் செல்போன் கேமரா இந்திராணியை விட்டு இந்தப் பக்கம் திரும்பியது. முடிந்ததும் கூட்டம் கோமளாவைச் சூழ்ந்துகொண்டது. பட்டுப்புடவைக்காரி சுவரோரம் தனியாக நின்றாள். கோமளாவுக்கு அமிர்தமாக இருந்தது.

மாடிப்படி இறங்கும்வரை.

செல்போன் அடித்தது. திருவேங்கடம்.

"இன்னா பேசுனா? பாடு பேச்சு வந்துச்சா?"

அவர் குரல் இந்திராணிக்கும் கேட்டது. "அக்கா, நான் ஒண்ணும் சொல்லலியே" என்று முணுமுணுத்தாள்.

அவள் பெயரைச் சொன்னால் போதும். இந்திராணி வீட்டு வலை ஒரு மாதம் காயும். தன் பெயரைச் சொன்னால் கோமளாவின் புருஷன் கரையில் உட்கார வேண்டியதுதான். கோமளா வாயைத் திறந்தாள். அப்புறம்தான் அது உறைத்தது. அவள் பெயரைச் சொன்னால், பல்கலைக்கழகத்தில் பாட்டைப் பற்றித் தைரியமாகப் பேசியவள் இந்திராணி என்று ஊரே சொல்லும். காந்தா தேடிவந்து இந்திராணியின் கையைப் பிடித்துக்கொள்வாள்.

"அவ ஒண்ணுமே பேசலண்ணா," என்றாள் கோமளா. "பாட்டைப் பத்திப் பேசுனது நான். மொத்தமும் நான்தான்."