இருப்பில் உள்ளவை மட்டும்

மருந்துக்கடையில் இருந்த கணினிக்குக் காது மட்டும் இருந்திருந்தால் அன்றைக்கு அது அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கும்.

மருத்துவமனையிலிருந்து ஒருவருடைய மருந்துச் சீட்டு திரைக்கு வந்திருந்தது. மருந்தாளுநரான அவள், அதில் இருந்த மருந்துப் பெயரின் முதல் மூன்று எழுத்தைத் தட்டினாள். மருந்து வரவில்லை. மறுபடி தட்டினாள். ஊஹூம்.

"நேத்துகூட லிஸ்ட்டுல பாத்தேனே! எங்கக்கா போச்சு?"

"ஸ்டாக் தீந்துபோச்சுல்ல? இல்லாத மருந்தெல்லாம் எதுக்கு வந்து கண்ண உறுத்தணும்னு காலையில நான்தான் மறைச்சு வெச்சேன்," என்றாள் கடைக்கார அக்கா, ஏதோ பெரிய சாதனை செய்தவள் மாதிரி. திரையின் மூலையில் 'இருப்பில் உள்ளவை மட்டும்' என்ற கட்டத்தில் ஒரு டிக் உட்கார்ந்திருந்தது.

அந்த டிக்கைப் பார்த்ததும் அவளுக்குக் காலையில் போட்ட பில் ஞாபகம் வந்தது. காலையில் மாமனாருக்குப் புதிதாக எழுதியிருந்த பிரஷர் மாத்திரையை இதே திரையில்தான் தேடி எடுத்தாள். அந்த மருந்துக்கு எப்போதும் முதல் வரியில் இருபத்தைந்து மில்லிகிராம் வரும், அடுத்த வரியில் நூறு. அவள் விரல் வருஷக் கணக்காக முதல் வரியில் என்டர் தட்டிப் பழகிய விரல். இருபத்தைந்து தீர்ந்துபோய் மறைந்திருந்தால் மேலே ஏறி நிற்பது எது? பில்லைத் திறந்தாள். நூறு. டாக்டர் எழுதியது இருபத்தைந்து. காலையில் பில்லும் மாத்திரை அட்டையும் ஒத்துப்போனதைப் பார்த்தவள், சீட்டைத் திரும்பப் பார்க்கவே இல்லை.

மதியம் அந்த அட்டையைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, "சாப்பிட்டதும் ஒண்ணு போட்டுக்கோங்க மாமா" என்று சொல்லிவிட்டு வந்ததும் அவளேதான். நாலு மடங்கு! வயசான உடம்பு தாங்குமா?

வீட்டுக்குப் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. மாமனார் எடுக்கவில்லை.

"நீ ஓடு, நான் டாக்டர்கிட்ட பேசறேன்," என்றாள் பில்லையும் சீட்டையும் எட்டிப் பார்த்த அக்கா. அவள் முகமும் வெளுத்துவிட்டது.

பிரஷர் பார்க்கும் கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு இருந்த இரண்டு தெருவையும் ஓட்டமாய் ஓடிக் கடந்தாள். கதவைத் தள்ளினால், நாற்காலியில் தலை தொங்க, வாய் பிளந்து கிடக்கிறார் மனிதர். அவளுக்கு உயிரே போய்விட்டது.

"மாமா!"

தூக்கிவாரிப்போட்டு எழுந்தார். "என்னம்மா, வீடு பத்திக்கிச்சா?"

"மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேனே. சாப்பிட்ட கையோட போட்டுட்டேன். உன் பேச்சை நான் என்னிக்குத் தட்டியிருக்கேன்?"

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான் தப்பான மாத்திரையக் குடுத்துட்டேன் மாமா. நாலு மடங்கு அதிகம். எந்திரிங்க, ஆஸ்பத்திரிக்குப் போகலாம்." சொல்லி முடிப்பதற்குள் அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

மாமனார் திருதிருவென்று விழித்தார். தலையைச் சொறிந்தார். பிறகு சட்டைப் பைக்குள் கைவிட்டு, ஒரு முழு மாத்திரையை வெளியே எடுத்தார்.

"அழாதம்மா. போடல. தலை சுத்தும்னு எதிர்வீட்டுக்காரர் பயமுறுத்தினாரு. உன்கிட்ட சொன்னா திட்டுவியேன்னு..."

மேசையில் இருந்த அட்டையை எடுத்துப் பார்த்தாள். ஒன்றுதான் குறைந்திருந்தது. அந்த ஒன்று இதோ, அவர் உள்ளங்கையில். அப்படியும் நம்பாமல் கருவியை அவர் கையில் கட்டிப் பார்த்தாள். பிரஷர் எகிறிக் கிடந்தது; நிஜமாகவே போடவில்லை. அத்தனை அழகான எண்ணை அவள் ஜென்மத்தில் பார்த்ததில்லை. வயிற்றில் பாலை வார்த்தாரே, மகராசன்! மற்ற நாளாக இருந்தால் மாத்திரை போடாததற்குத் திட்டித் தீர்த்திருப்பாள். இன்றைக்கு அழுதுகொண்டே சிரித்தாள். போனில் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னபோது அந்தப் பக்கமும் விசும்பல் கேட்டது.

"அந்த டிக்கை மொதல்ல எடுங்கக்கா."

"எப்பவோ எடுத்துட்டேன்டி."

சாயங்காலம் வேறு கடையிலிருந்து இருபத்தைந்தை வாங்கி வந்து நீட்டினாள். மாமனார் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது சரியானதுதானா?"

"சீட்டையும் அட்டையையும் பக்கத்துல வெச்சுப் பாத்தேன் மாமா. இந்தாங்க, நீங்களும் பாத்துருங்க."

மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் எழுத்தெழுத்தாகப் படித்தார். மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். அப்புறம், அவள் கேட்காமலேயே, வாயை ஆவென்று திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினார்.