கெட்டதை முதலில் சொல்

மடிக்கணினியைக் கணவன் முகுந்தின் போர்வை மேல் வைக்கப்போன சரளாவை, டுசல்டோர்ஃப் ஆஸ்பத்திரி நர்ஸ் "நைன், நைன்!" என்று ஜெர்மன் மொழியில் கத்தியபடி ஓடிவந்து தடுத்தாள். வயிற்றில் பாரம் கூடாதாம். சரளா தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"அப்ப நீயே படி," என்றான் முகுந்த். குரல் தேய்ந்திருந்தது. கண்ணில் குறும்பு மட்டும் போகவில்லை.

படிக்க வேண்டியது 'சிக்கனம்'. அவன் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் விட்ட குட்டி லைப்ரரி; ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியில் எழுதுகிறவர்கள் எடுத்தாளும் நிரல் தொகுப்பு. 'இப்படி இருந்தால் அது, இல்லாவிட்டால் இது' என்று ஏணி மாதிரி நீளும் நிரலை ஒரே வரியில் எழுத உதவும். ரசத்தில் உப்புக் குறைவு என்பதையே அரைமணி நேரம் சொல்லுகிற மனுஷனுக்கு நிரலில் மட்டும் அப்படியொரு கஞ்சத்தனம்!

இன்னொரு பழக்கமும் உண்டு. எது தப்பாகப் போகுமோ, அதை நிரலின் தொடக்கத்திலேயே எழுதி முடித்துவிடுவான். பிறகு மிச்சமெல்லாம் நேராக ஓடும். போன வாரம் டாக்டர், "காய்ச்சல் இறங்கினால்... இறங்காவிட்டால்..." என்று இழுத்தபோதும் அதேதான். "கெட்டதை முதல்ல சொல்லிடுங்க டாக்டர். அப்புறம் நிம்மதியா பேசலாம்." டாக்டர் சொல்லிவிட்டார். அன்று சரளா அழுது தீர்த்தாள். அதற்குப் பிறகு அந்த அறையில் சிரிப்புக்குப் பஞ்சமே இல்லை. அவளுக்கே ஆச்சரியம்.

ஒரே கவலை, சிக்கனத்தை யாரிடம் விட்டுப் போவது? வந்தவர்களெல்லாம் அதில் எதையாவது சேர்க்கத்தான் வந்தார்கள். "குண்டாக்கியே கொன்னுடுவாங்க சரளா," என்று புலம்பிக்கொண்டிருந்தான்.

இன்று டோர்ட்மண்டிலிருந்து சில்வெஸ்டர் ஒரு திருத்தம் அனுப்பியிருந்தான். நேரில் பார்த்திராத யாழ்ப்பாணத்துக்காரன். புதுசு புதுசாக எதையாவது சேர்க்கச் சொல்லி, ஒவ்வொரு முறையும் முகுந்திடம் மூக்குடைபட்டவன். முகுந்த் படுத்திருப்பதே அவனுக்குத் தெரியாது.

படித்துக்கொண்டே வந்த சரளா நிறுத்தினாள்.

"என்னடி?"

"இவன் சேர்க்கலை முகுந்த், எடுத்திருக்கான். நீ முதன்முதல்ல எழுதினதையே தூக்கிட்டான். இப்போ ஜாவாஸ்கிரிப்டே அதைச் செய்யுதாம். 'கோவிக்காதேங்கோ அண்ணை'ன்னு வேற எழுதியிருக்கான்."

முகுந்த் இருமல் வரும்வரை சிரித்தான். "கோவமா? இவனைத்தான்டி இத்தனை நாளா தேடினேன்! அக்செப்ட் பண்ணு. சிக்கனத்தை இனி அவனே பார்த்துக்கட்டும்."

அவள் பட்டனை அழுத்தினாள். பொறுப்பை மாற்றிக்கொடுத்து, தன் பெயரையும் போன் நம்பரையும் எழுதி அனுப்பினாள்.

"அப்பாடா," என்றான் அவன்.

சாயங்காலம், அவள் வைக்கும் ரசத்தைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்து, பாதியிலேயே போய்விட்டான். மிச்சத்துக்காக அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.

கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"அக்கா, சில்வெஸ்டர் கதைக்கிறன். அண்ணை ஓமெண்டிட்டார்! நம்பவே ஏலாமக் கிடக்கு. ஒருக்கா அவரிட்டக் குடுங்கோ."

சரளா மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"சில்வெஸ்டர், அவர் போயிட்டார். இப்பத்தான்."

அந்தப் பக்கம் விசும்பல் கேட்டது. அவள் போனை வைக்கவில்லை.

"அழுதாச்சா?" என்றாள் மெதுவாக. "இனி மிச்சத்தைச் சொல்றேன், கேளு. உன்னால அவர் எப்படிச் சிரிச்சார் தெரியுமா?"

நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நர்ஸ் "நைன், நைன்!" என்று ஓடிவந்ததிலிருந்து ஆரம்பித்தாள்.